பெட்டி என்னிடம் இருக்கிறது

சுங்கை சிப்புட்

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லாரும் சுகம். அக்கா மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வராததைப் பற்றி மொட்டை மாமா பேசியதை நேரில் வந்து கேட்டுக்கொள். மழைதான் ஓயவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அப்பாவின் கேமரா பெட்டி இப்போது என் வீட்டில். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யும்போது அதையும் பழைய சாமான்காரனிடம் போடச் சொல்லிவிட்டாயாம். லோரியில் ஏற்றிய பிறகுதான் உன் அக்கா எனக்குப் போன் செய்தார். சந்தை முனையில் மடக்கி, பேரம் பேசி மீட்டு வந்தேன். எத்தனை வெள்ளி என்று கேட்காதே, உனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். உள்ளே பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் பிலிம் கேமரா, அதில் சூப்பர் டாகுமார் லென்ஸ், 50 மி.மீ., எஃப் 1.4. அதைத்தான் ‘செத்த லென்ஸ்’ என்று தள்ளிவைத்தாய், மேதாவி!

அது சாகவில்லையடா. அன்று உன் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் ஒரு வளையத்தை வைத்து மாட்டினாய். வாசலில் படுத்திருந்த நாய் தெளிவாக வந்தது, பின்னால் மலை கரைந்துபோனது. குற்றம் லென்ஸில் இல்லை. எம்42 என்ற பழைய திருகு லென்ஸ்கள், மாட்டும் இடத்திலிருந்து 45.46 மி.மீ. பின்னால் பிம்பம் விழும்படி செய்யப்பட்டவை. நிக்கானில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. லென்ஸ் இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால்தான் மலை தெளியும், போக இடமில்லை. என் சோனி மிரர்லெஸ்ஸில் இடைவெளி 18 மி.மீ.தான். மிச்சம் 27 மி.மீ. சொச்சத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்புகிறது. அடாப்டர் என்று விற்பது அதைத்தான், உள்ளே ஒரு துண்டுக் கண்ணாடி கூடக் கிடையாது.

லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. அதனால் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்ற வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்க 50 மி.மீ. என்று நாமே எண்ணைக் கொடுக்க வேண்டும். லென்ஸ் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை ‘எம்’ பக்கம் தள்ளினால்தான் ஒளி நுழையும் துவாரம் சுருங்கும், எஃப் எண் கூடும். ஃபோகஸ் ஆன விளிம்பில் கேமரா சிவப்புக் கோடு காட்டும், ஆனால் துவாரம் முழுசாகத் திறந்த எஃப் 1.4இல் அந்தக் கோட்டை நம்பாதே. மூக்கு நுனிக்கும் சிவப்பு போடும், காதுக்கும் போடும். திரையில் பெரிதாக்கிக் கண் இமையைப் பார்த்துத் திருகுவதுதான் வழி. அந்த வளையம் சுற்றும் சுகம் இருக்கிறதே, அதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள், நீயாவது சிரிக்காதே.

கண்ணாடி தேத்தண்ணீர் நிறத்துக்கு மஞ்சளாகியிருக்கிறது. உன் அப்பா சுருட்டுப் புகையால் வந்ததில்லை, பயப்படாதே. இந்த லென்ஸின் பிந்தைய மாடல்களில் தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள். அதன் கதிர்வீச்சே காலப்போக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. படம் எடுப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது. புற ஊதா விளக்கின் கீழ் வைத்திருக்கிறேன், நன்றாகவே வெளுத்து வருகிறது. வெயிலிலும் வெளுக்கும், ஆனால் இந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது? தவிர, வெயிலில் வைத்த லென்ஸ் வீட்டையே கொளுத்தினாலும் கொளுத்தும். பூஞ்சைதான் உண்மையான எதிரி. ஓரத்தில் மெல்லிய நூல் போல ஓடியிருக்கிறது, பூச்சை அரிக்கும் முன் கழற்றித் துடைக்க வேண்டும். அந்தத் தோல் உறையைத் தூக்கி எறிந்துவிட்டேன், ஈரமும் பூஞ்சையும் குடியிருந்ததே அதில்தான்.

வாத்தியார் மகன் ரஷ்ய ஹீலியோஸ் லென்ஸ் ஒன்று வாங்கி, பின்னால் இலையெல்லாம் சுழல்கிறது பார் என்று ஊரெல்லாம் காட்டுகிறான். ரெண்டு படத்துக்கு மேல் எனக்குத் தலை சுற்றுகிறது. உன் அப்பா லென்ஸ் அந்த வித்தை காட்டாது. முழுசாகத் திறந்தால் விளக்கைச் சுற்றிக் கொஞ்சம் பால் படிந்த மாதிரி இருக்கும். எஃப் 5.6க்குப் போனால் புதுசுக்குச் சளைத்ததில்லை. எதிர்வெளிச்சத்தில் மட்டும் வெளுத்துவிடும், அங்கே உள்ளங்கையால் மறைத்துக்கொள்கிறேன்.

முனியம்மா பாட்டியைத்தான் முதலில் எடுத்தேன். நான் திருகிக்கொண்டே இருந்ததில் பாட்டிக்குக் கோபம். “சேகரோட அப்பன் மாதிரியே மூச்சைப் புடிக்க வைக்கிறியேடா” என்று திட்டினாள். பால்மரம் வெட்டிய கையை மடியில் மறைத்துக்கொண்டாள், காட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சேகர், இன்னொன்று. பெட்டியின் அடியில் நெகட்டிவ் உறைகள் இருக்கின்றன. தோட்டத்துக் கல்யாணங்கள், தீமிதி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், செம்பனை நடுவதற்கு முன்னால் இருந்த பால்மரக்காடு. சில உறைகளைத் திறந்தாலே காடி (வினிகர்) நெடி அடிக்கிறது. பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், இனி நிறுத்த முடியாது. லயம் இடிந்தபின் இவை தவிர நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? அதனால்தான் இந்த அவசரம். கிட்டத்தில் ஃபோகஸ் ஆக நீட்டிப்புக் குழாய் போட்டு, அடியில் வெள்ளை விளக்கு வைத்து, இதே லென்ஸால் பிரதி எடுக்கிறேன். கிட்டத்தில் இது அவ்வளவு கூர்மை இல்லை, எஃப் 8இல் சமாளிக்கலாம். ஆனால் முகங்களுக்குப் பெயர் போட எனக்குத் தெரியவில்லை. பாதிப் பேரை உன் அக்காவுக்கும் உனக்கும்தான் தெரியும்.

தீபாவளி லீவில் வந்துவிடு. அடாப்டர் வாங்காதே, என்னிடம் இரண்டு இருக்கிறது. கிள்ளானிலிருந்து வரும்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பெரிய பொட்டலமாக வாங்கி வா. காசு தரமாட்டேன், பெட்டிக்கு நான் கொடுத்ததில் கழித்துக்கொள்.

உன்,
பாலன்