முந்தானையில் முடிந்த பணம்

பாம்பன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலமும் மருமகள், பேத்தி நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் பேசினால் நீ ஒரு பக்கம் சொல்ல, நான் ஒரு பக்கம் சொல்ல, நடுவில் இணைப்பு அறுந்து போகிறது. ஆகவே பழைய வழக்கப்படி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

விடுமுறைக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சின்ன மாமாவோடு நீ வாதாடியதை நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் பார். அரசாங்கம் மருத்துவமனை நடத்தும் வேலையை விட்டுவிட வேண்டும். அந்தப் பணத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டால், நோயாளி தனக்குப் பிடித்த இடத்துக்குப் போவான். போட்டி வந்துவிட்டால் தரம் தானாகவே உயரும். இதுதானே? நான் மறுத்துப் பேச வந்தபோது, "நீங்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர், அப்படித்தான் பேசுவீர்கள்" என்றாய். கோபம் வந்தது. ஆனால் 1983இல் துணைச் செவிலியராகச் சேர்ந்து 36 ஆண்டுகள் இந்தக் கரையிலேயே வேலை பார்த்தவள் என்ற முறையில், அந்தக் குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன்.

நீ இருக்கும் அமெரிக்காவில் இதே விஷயத்தில் நடக்கும் சண்டையை நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். 1965இல் ஜான்சன் அதிபராக இருந்த காலத்தில் 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வந்தது, ஏழைகளுக்கு மெடிகெய்டு வந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேலை கொடுப்பவர் தயவில்தான் காப்பீடு. காப்பீட்டைப் பரவலாக்க 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தை 2012இல் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றது என்றாலும், மெடிகெய்டை விரிவாக்குவது அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டது. 2017 ஜூலையில் அந்தச் சட்டத்தைக் குலைக்க வந்த மசோதாவை, மெக்கெய்ன் என்ற முதியவர் தன் கட்சிக்கு எதிராகவே கட்டைவிரலைக் கீழே காட்டி வீழ்த்தினார் என்று நீ வியந்து சொன்னது நினைவிருக்கிறது. 2025 அக்டோபர் தொடங்கி, காப்பீட்டுச் சந்தாவுக்கான மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற தகராறில் அரசாங்கமே 43 நாள் முடங்கிக் கிடந்தது. இத்தனை ஆண்டுச் சண்டையில் நான் கவனித்தது, யார் பணம் கட்டுவது என்ற கேள்வியே அங்கே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது என்பதைத்தான். நம் கரையில் அந்தக் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. அதை நீ பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

1986 கார்த்திகை மாதம். தீவுக்கு அப்போது சாலைப் பாலம் கிடையாது; இந்திரா காந்தி பெயரில் இருக்கும் பாலம் 1988இல்தான் திறந்தார்கள். ரயில் ஒன்றுதான் வழி. ஒரு குடியிருப்பில் தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, ஆனால் நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை, இரத்தமும் நிற்கவில்லை. என் பையில் இருந்த ஊசி மருந்தைப் போட்டேன், வயிற்றை நீவிக்கொண்டே இருந்தேன். இரத்தம் ஏற்றி, அறுவைக்கு எடுக்க வேண்டுமென்றால் இராமநாதபுரம் போக வேண்டும். இரவு வண்டி போய்விட்டிருந்தது. வாடைக் காற்று வீசிக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணை ஒரு வள்ளத்தில் பாயோடு கிடத்தி மண்டபம் பக்கம் தள்ளினோம். அவளுடைய தாய் என் எதிரில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து அவிழ்த்து என் கையில் திணித்தாள். சங்கு குளித்த மருமகன் கொடுத்து வைத்திருந்த 800 ரூபாய். "எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடு தாயீ, போதாவிட்டால் தோட்டைக் கழற்றித் தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கரை தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த 800 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க அவள் விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து 800 ரூபாய் சின்னத் தொகை இல்லை. நீ சொல்கிற அட்டை அன்றைக்கு அவள் முந்தானையில் இருந்தது என்றே வைத்துக்கொள். அதைக் காட்டுவதற்கு ஓர் இடம் வேண்டாமா? அந்த இடத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டாமா?

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் நன்றி கெட்டவளாவேன். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்க ஆட்களைக் கூட்டி வந்தவர்களில் நானும் ஒருத்தி. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆயிற்று. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்கிறார்கள். 2024இல் 70 வயது கடந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் கொடுப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. இவையெல்லாம் பெரிய காரியங்கள்.

சின்ன மாமாவையே எடுத்துக்கொள். 2019இல் கடலிலிருந்து வந்து வலையை இறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 108 வண்டி வந்தது. இராமநாதபுரத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு உயிரை நிறுத்தினார்கள். அதன் பிறகு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அட்டையைக் காட்டி ஸ்டென்ட் வைத்தோம். திண்ணையில் நீ எடுத்துச் சொன்னது இந்தக் கடைசிப் பகுதியை மட்டும்தான். மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியும், அதற்கு முன்னால் போட்ட ஊசியும், அந்த ஊசியை எப்போது போட வேண்டும் என்று தெரிந்திருந்த இளம் மருத்துவரும் அட்டையால் வந்தவை அல்ல. அவை ஏற்கெனவே அங்கே இருந்தன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மாமாவிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே. காப்பீட்டு மேசையில் இருந்தவர், "திட்டத்தில் வருவது சாதாரண ஸ்டென்ட், நல்லது வேண்டுமானால் கையிலிருந்து கட்ட வேண்டும்" என்றார். அட்டைக்காரரிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே தம்பியைப் படுக்க வைத்துவிட்டு வெளியே நின்று சட்டம் பேச யாருக்கு நெஞ்சுரம் வரும்? நீ மாமாவுக்கு வலை வாங்க அனுப்பியிருந்த 40,000 ரூபாய் அங்கேதான் போயிற்று. பிடித்த இடத்துக்குப் போகும் உரிமை என்று நீ சொல்வது நெஞ்சு வலிக்காதவனுக்கு உரியது.

இப்போது என் பக்கத்துக் குறையைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்தால், அதைத் தாயின் கையில் கொடுக்கவே ஊழியருக்குக் காசு தர வேண்டும். ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதைவிடக் குறைவு. தள்ளுவண்டி நகர வேண்டுமானால் ஐம்பது ரூபாய். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இது என் கண் முன்னால் நடந்தது. ஒரு முறை கண்டித்தேன். பிறகு மூன்று மாதம் எனக்கு யாரும் ஒத்துழைக்கவில்லை. அதன் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். பாசி எடுக்கப் போகும் பெண்கள், விரல் அறுபடாமல் இருக்கச் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் நீர்மட்டம் இறங்கும் நேரத்தை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். "நாளைக்கு வா" என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் கடலை விட்டவளுக்கு அந்த நாள் கூலி போயிற்று என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உறைப்பதே இல்லை. நீ "தரம்" என்று சொல்லும்போது இதைத்தான் நினைக்கிறாய் என்றால், அதில் உன்னோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் இந்தக் கரைக்கு மருத்துவர் எப்படி வந்தார் என்பதை நீ யோசித்ததுண்டா? சம்பளத்துக்காக மட்டும் யாரும் இங்கே வந்து இருந்ததில்லை. அரசுப் பணியில் சேர்ந்து ஊர்ப்புறத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு மேற்படிப்பில் பாதி இடங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். சிறப்பு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையே அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அகில இந்திய விதியைக் காட்டி 2017இல் அந்த ஒதுக்கீடு இல்லாமல் போனபோது, எங்கள் நிலையத்தில் இருந்த இருவர் கிளம்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததை நான் கேட்டேன். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த பிறகே மீண்டும் மூச்சு வந்தது. உன்னுடைய திட்டத்தில் இந்த ஆசைக்கு என்ன இடம்? அட்டையின் பணம் நோயாளியைத் தொடர்ந்து போகும் என்றாய். நோயாளி மதுரைக்குத்தான் போவான். பணமும் மதுரைக்குப் போகும். பாம்பனில் எவர் கடை விரிப்பார்?

உன் நாட்டிலும் 2010க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன என்று வாசித்தேன். மெடிகெய்டை விரிவாக்க மறுத்த மாநிலங்களில் அது கூடுதல் என்றும் இருந்தது. ஆகவே காப்பீட்டுப் பணம் மருத்துவமனையைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நீ சொல்வாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். தாங்கிப் பிடிக்க ஏதாவது ஒன்று முதலில் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் நீ ஒப்புக்கொள்.

அரசாங்கம் இல்லாத இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஏர்வாடி நம் கரைதான். தர்காவை நம்பிக் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு கொட்டகைகளில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு கொட்டகையில் தீப்பற்றி 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள். அவர்களை அங்கே விட்டுப்போன குடும்பங்களை எல்லோரும் ஏசினார்கள். பக்கத்தில் வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை என்பதை ஏசியவர்களில் எத்தனை பேர் சொன்னார்கள்? உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, கொட்டகைகள் மூடப்பட்டன, வெகுகாலம் கழித்து 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து சங்கிலியைத் தடை செய்தது. நோயாளிகளை அப்புறப்படுத்திய அந்த ஆகஸ்டைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

2020இல் ஒன்றிய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு வரைவை வெளியிட்டது. மாவட்ட மருத்துவமனையைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைத்து நடத்தக் கொடுக்கலாம், சில படுக்கைகள் கட்டுப்பாட்டு விலைக்கு, சில சந்தை விலைக்கு என்று. படுக்கைக்கே சாதி பிரித்த அந்த வரைவை அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். சுதந்திரத்துக்கு முன், 1946இல் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையில், காசு இல்லை என்பதற்காக ஒருவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்று எழுதினார்கள். நம் லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவில் இருந்தார். ஆனால் 2017 சுகாதாரக் கொள்கை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025க்குள் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று சொல்லிவிட்டு அதை எட்டவில்லை. தமிழ்நாட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்றால், 1994இல் தொடங்கிய மருந்துக் கழகம் மாத்திரைகளை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு நிலையத்துக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து, கேட்டது கிடைக்கும்படி செய்ததும், செவிலியர் முறைவைத்து இரவிலும் பிரசவம் பார்த்ததும்தான் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் மருத்துவமனையில் நடந்தது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வள்ளமும் பாயும் நினைவுக்கு வரும்.

நீ அங்கே வேலை மாறியபோது ஒரு மாதம் காப்பீடு இல்லாமல் இருந்ததையும், பேத்திக்குக் காய்ச்சல் 103 ஏறியபோது மருத்துவமனைக்குப் போவதா, விடியும்வரை பார்ப்பதா என்று நீங்கள் இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் மருமகள் எனக்குச் சொன்னாள். நீ சொல்லவில்லை. அதற்காக உன்மேல் வருத்தம் எனக்கு உண்டு.

கடைசியாக, எங்கள் இருவருக்கும் பாலிசி எடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். என் ஓய்வூதியத்தில் காப்பீட்டுக்கு மாதந்தோறும் பிடித்தம் போகிறது; அப்பாவும் அதில் வருவார். இரத்த அழுத்த மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் என்னிடம் ஊசி போடப் பழகியவளின் மகள். இருந்தாலும் உன் மனம் நிம்மதிப்படும் என்றால் எடு. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பாலிசியில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளின் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பு. இராமநாதபுரத்தில் எவை இருக்கின்றன, அவற்றில் இரவில் மருத்துவர் தங்குவது எதில் என்று, ஒரு நாள் ராத்திரி அப்பாவையும் கூட்டிக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு உனக்குச் சொல்கிறேன்.

பேத்திக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா