புகைக்கூட்டை வெட்டிவிடாதே, பிள்ளை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வீட்டு வேலை லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. குசினிச் சுவரை மட்டும் நான் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். நீ அனுப்பிய புதுப் பிளானில் விறகடுப்பு இருக்கிறது, புகைக்கூடு இல்லை. சுவரில் ஓட்டை போட்டு ஒரு தகரக் குழாயை வெளியே விட்டால் போதும், மேலே ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் வைப்போம், செலவும் குறையும் என்று எழுதியிருக்கிறாய். ஃபோனில் இதைப் பேசி முடிக்க ஏலாது, பேரன் பறித்துக்கொண்டு ஓடிவிடுவான். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். மருமகனும் வாசிக்கட்டும்.

விறகடுப்பு கட்டாயம் வேண்டும் என்பதில் நான் உன் பக்கம்தான். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டர் அடுத்த ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்காமல் சனம் வெயிலில் வரிசையில் நின்றது. அதற்கு முதல், 2021 கடைசியில், நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வேறு. அந்த நாட்களில் விறகடுப்பு இருந்த வீட்டில்தான் நேரத்துக்குச் சோறு வெந்தது. நீங்கள் திரும்பி வந்து இருக்கப்போகிற வீட்டில் அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் புகை போகும் வழியைச் சுவர் எழும்புவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். பிறகு உடைத்துச் செய்வது ஒருநாளும் முதலில் செய்ததைப் போல வராது. மேசன் வேலையிலேயே வயது போனவன் சொல்கிறேன்.

உன் ரொறன்ரோ வீட்டில் இருக்கிற இரும்பு அடுப்பைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்திருக்கும். அங்கே கூரைக்கு மேலே போகிற குழாய் வெறும் தகரம் இல்லை. இரண்டு சுவர் வைத்து, நடுவில் சூடு தாங்கும் பஞ்சு அடைத்து, தொழிற்சாலையில் செய்து வருவது. அடுப்புக்குக் கீழே எரியாத தட்டு, அடுப்பின் வாசல் பக்கம் 18 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் வந்து பார்த்து எழுதிக்கொடுத்த பிறகுதான் காப்புறுதிக்காரர் ஒப்புக்கொண்டார்கள் என்று நீயே அன்று சொன்னாய். இங்கே கடையில் உருட்டித் தருவது ஒற்றைத் தகடு. அடுப்பு நன்றாக எரியும்போது அதன்மேல் கை வைக்க முடியாது. அப்படிப்பட்ட குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே குறைந்தது 18 அங்குலம் இடைவெளி வேண்டும். நம் கூரையில் கைமரமும் சலாகையும் எவ்வளவு நெருக்கமாகப் போகிறது என்று யோசித்துப் பார்.

நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். தகரக் குழாய் ஒரு கைமரத்தை ஒட்டிப் போயிருந்தது. வருடக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் முகட்டுக்குக் கீழே புகைந்து எரியத் தொடங்கிவிட்டது. ஆட்கள் வீட்டில் இருந்தபடியால் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். கூரை ஓடுகளைக் கழற்றி நான் அந்த மரத்தைத் தொட்டபோது, குழாய்ப் பக்கம் இரண்டு விரல் ஆழத்துக்குக் கரியாகி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மரம் நாள்பட்டுச் சூடு குடித்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லக் கரியாகும். அப்படியானது, புது மரத்துக்குத் தேவையான சூட்டைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் இந்த விஷயத்தில் உதவாது.

உப்புக்காற்றும் ஒரு காரணம். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு தகரத்தை நம்ப முடியாது. வெளியே உப்பு தின்னும், உள்ளே புகையின் ஈரம் தின்னும். ஓட்டை விழுந்தது தெரிய வரும்போது புகை சீலிங்குக்குள்ளே போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே செங்கல்லில் கட்டுவோம். கணக்கைச் சொல்கிறேன், மருமகன் சரிபார்க்கட்டும். அடுப்பு மேடைக்கு மேலே கூட்டின் முன்வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம் விடுகிறேன். அது 1,080 சதுர அங்குலம். அதில் ஏழில் ஒரு பங்காவது மேலே போகிற வழி இருந்தால்தான் புகை முகத்தில் அடிக்காது. உள்ளளவு 9க்கு 18 வைத்தால் 162 சதுர அங்குலம், தாராளம். இதைவிட ஒடுக்கினால் அம்மா தாச்சியில் வெங்காயம் போட்ட நேரம் புகை தாங்காமல் குசினியை விட்டு வெளியே வந்து நிற்பாள். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம். அதோடு, சுற்றி 10 அடிக்குள் இருக்கிற முகடு, சுவர், தண்ணீர்த் தாங்கி எதுவானாலும் அதைவிட 2 அடி கூட. செங்கல்லின் வெளிப்பக்கத்துக்கும் கூரை மரத்துக்கும் 2 அங்குலம் சும்மா விட்டுவைப்பேன். அந்த இடைவெளியில் பஞ்சோ மரத்தூளோ ஒன்றும் திணிக்க விடமாட்டேன். மழை இறங்காதபடி ஓட்டோடு சேரும் இடத்தில் தகடு வைத்து மூடலாம்.

குசினி தென்கிழக்கில், அக்கினி மூலையில் வருவது நல்லதாகப் போயிற்று. சாத்திரத்தை விடு, காற்றைப் பார். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், புகை கடல் பக்கம் போய்விடும். வாடை தொடங்கினால் வடகிழக்கிலிருந்து வரும், தெற்குப் பக்கத்து வெறும் காணிக்குப் போகும். இரண்டிலும் வீட்டுக்குமேல் திரும்பாது. ஆனால் வடக்கு வளவில் இப்போது மூன்று மாடியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் எழும்புகிறது. வாடைக்காற்று அதன் மேலாக ஏறி நம் கூரையில் விழுந்தால் புகையைக் கீழே அமுக்கும். அதற்காகத்தான் உயரத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறேன். உயரம் கூடினால் புயலுக்குத் தாங்குமா என்று கேட்பாய். 2020 டிசம்பர் 2ஆம் தேதி புரெவி நமக்கு வடக்கேதான் கரை கடந்தது, அதை மறக்கவில்லை. மூலைகளில் கம்பி விட்டு, கூரைக்குக் கீழே பீமோடு சேர்த்துக் கட்டுவேன். உச்சியில் நாலு பக்கமும் திறந்த ஒரு சிறு கொங்கிரீட் மூடி. அணில், மைனா கூடு கட்டாமல் வலை.

அப்புறம் அந்த எக்ஸோஸ்ட் ஃபேன். இதை நன்றாகக் கேள். புகைக்கூடு இழுப்பது சூட்டால். சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். அதே அறையில் நீ ஃபேன் போட்டு யன்னலைப் பூட்டினால், ஃபேனுக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கும்? புகைக்கூட்டு வழியாகத்தான் கீழே இழுக்கும். மேலே போக வேண்டியது அத்தனையும் உன் சமையலறைக்குள் இறங்கும். சுவாலை அடங்கி வெறும் தணல் இருக்கிற நேரத்தில் கண்ணுக்குப் புகையே தெரியாது. அந்த நேரத்தில்தான் காபன் மொனொக்சைட் கூட வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றும், களைப்பு என்று நினைத்துப் படுத்தால் எழும்ப மாட்டார்கள். ஃபேன் வேண்டுமென்றால் காஸ் அடுப்பு வைக்கிற மற்ற அறையில் வை, நடுவில் கதவு போடு. அடுப்புக்கு எதிர்ச் சுவரில், நிலத்துக்குக் கிட்ட, மூட முடியாத ஒரு காற்றுத்துளை நான் விடுகிறேன். நுளம்பு வலை அடிப்பதானால் அடிக்கடி கழுவுகிற மாதிரி அடி. தூசி பிடித்த வலையால் காற்று வராது.

பிள்ளைப்பேற்று வீட்டில் நெருப்புச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. உன் தங்கச்சிக்கும் சொல்லிவை, எந்தக் காரணத்துக்கும் தணலைப் பூட்டிய அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. வரும்போது, காபன் மொனொக்சைட் வந்தால் அடிக்கிற, அங்கே சுவரில் மாட்டுகிற அந்த அலாரம் இரண்டு கொண்டு வா.

காஸ் சிலிண்டரை விறகடுப்பு இருக்கிற அறையில் வைக்கவே விடமாட்டேன். அந்தக் காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போய்த் தாழ்ந்த இடத்தில் தேங்கும். தணல் இருக்கிற இடத்தை அது தேடி வர வேண்டியதில்லை, தானாகவே வந்து சேரும். வெளிச்சுவரில் கம்பிக் கதவோடு ஒரு சிறு கூடு கட்டித் தருகிறேன்.

அடுப்பு அனகிதான். 1980களில் நம் நாட்டிலேயே உருவாக்கிய மண் அடுப்பு, இரண்டு பானை வைக்கலாம், முன்னாலே எரிகிற நெருப்பு பின்னாலே இருக்கிற பானையையும் சூடாக்கும். மூன்று கல் அடுப்பைவிட விறகு நன்றாக மிச்சம். அதை மேடையில் வைத்து, களிமண்ணும் மணலும் உமியும் குழைத்துச் சுற்றி அணைத்துவிட்டால் சூடும் நிற்கும், மண்ணும் வெடிக்காது. நெருப்புப் படுகிற இடத்தில் சீமெந்துச் சாந்து பூசச் சொல்லி எந்த மேசன் சொன்னாலும் கேட்காதே. சூட்டில் அது ஈரம் வற்றி, வெடித்து, பொறிந்து விழும். உள்பக்கம் களிமண் சாந்து, வெளிப்பக்கம்தான் சீமெந்து. கட்டி முடித்த கையோடு பெரிய நெருப்பு மூட்டவும் கூடாது. சில நாள் சுள்ளி மட்டும் எரித்து, ஈரத்தை மெல்ல வெளியேற்ற வேண்டும். பால் காய்ச்சுகிற நாளுக்கு அவசரப்பட்டு இதைக் குழப்பாதே.

அனகிக்குத் தனியாகப் புகைவழி கிடையாது. விறகு மிச்சம் பிடிக்கும், புகையை ஒழிக்காது. கூடு கட்டாயம் என்று நான் அடித்துச் சொல்வது அதனாலும்தான். அம்மாவின் இருமலுக்கு டொக்டர் முதல் கேட்ட கேள்வியே எத்தனை வருடம் விறகில் சமைத்தீர்கள் என்பதுதான். வீட்டுக்குள் அடைபடும் அடுப்புப் புகையால் உலகம் முழுக்க 2020இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவள் இனிப் புகையில் நிற்பதை நான் பார்க்க மாட்டேன். நீயும் நிற்கக் கூடாது.

விறகு விஷயம் சுருக்கமாக. கச்சான் காலத்தில் பிளந்து, ஓலைக்கொட்டிலில் நிலத்தில் படாமல் அடுக்கினால் மழைக்கு முன் காய்ந்துவிடும். ஈர விறகு புகைக்கூட்டின் உள்சுவரில் தார் மாதிரிக் கறுப்பாக ஒட்டும். அது கனமாகிப் பிடித்தால் கூட்டுக்குள்ளேயே தீ. ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன், தும்புக்கட்டையைக் கயிற்றில் கட்டி இறக்கித் துடைக்க வேண்டும். கீழே அதற்கு ஒரு சிறு கதவு வைக்கிறேன். கடற்கரையில் ஒதுங்குகிற மரத்தை எரிக்காதே, உப்பு ஊறினது, அதன் புகை நஞ்சு. பெயின்ற் அடித்த பலகையும் அப்படித்தான். தேங்காய்ப் பொச்சும் சிரட்டையும் நன்றாக எரியும், ஆனால் பொறி பறக்கும். மேடைக்கு முன்னாலே சீமெந்துத் தரையைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. வளவில் கூட்டுக்கு நேரே சாய்ந்து நிற்கிற தென்னையின் காய்ந்த ஓலைகளை இப்போதே வெட்டுவித்துவிட்டேன்.

சாம்பல் ஆறிவிட்டது போல் இருக்கும், உள்ளே தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். சொப்பிங் பையில் அள்ளிக் குப்பையோடு வைக்காதே. மூடியுள்ள தகர வாளி, அதுவும் வெளியே மண்ணில்.

புகைக்கூட்டுக்குக் கூடப் போகிற செங்கல்லையும் கூலியையும் கணக்குப் பார்த்து மருமகனுக்குத் தனியாக அனுப்புகிறேன். மேல்மாடி வராந்தாவின் அலங்காரத் தூண்களை விட்டால் அந்தக் காசு வந்துவிடும். தூணைப் பிறகு எப்போதும் வைக்கலாம். கொத்து வேலைக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் மற்ற அறைகளில் நிற்பார்கள், சனிக்கிழமை குசினிச் சுவருக்கு வருவார்கள். அதற்கு முதல் 9க்கு 18 சரி என்று ஒரு வார்த்தை அனுப்பு. மருமகனுக்குச் சந்தேகம் இருந்தால் இரவு எட்டு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல், நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா