பொங்கல் அடுப்புக்கு மண்ணெண்ணெய் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை முதல் நாள் காலையில் மதுரைத் தெருக்களில் அடுப்பு பற்றவைக்கும் விதத்தைப் பார்த்தால் மனம் பதறுகிறது. விறகு பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் பெட்ரோல், பிளாஸ்டிக் பை. புகைந்துகொண்டிருக்கும் அடுப்பில் எண்ணெய் ஊற்றினால் சூட்டில் ஆவியாகி, குப்பென்று ஊற்றுபவர் முகத்துக்கே பாயும். ஒரு துண்டு சூடமும், தென்னை மட்டையின் அடியில் வலை போலிருக்கும் பன்னாடை ஒரு கையளவும் போதும். பொங்கலுக்கு முன்பே இதை வெளியிட வேண்டுகிறேன்.

குறை பெரும்பாலும் விறகில்தான். நம் பக்கம் கிடைப்பது சீமைக்கருவேலம். காய்ந்தால் நின்று எரியும், நல்ல கங்கு விழும். ஆனால் பண்டிகை நெருக்கத்தில் வெட்டி விற்பது பச்சை விறகு. அதன் சூடெல்லாம் உள்ளிருக்கும் ஈரத்தை வற்றவைக்கவே போய்விடும். மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாக வெளியேறும். வாங்கும்போதே இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை மொத்தென்று கேட்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை ஈரத்தை எளிதில் விடாது என்பதால் உருட்டுக்கட்டையைவிடப் பிளந்த விறகே நல்லது. மார்கழிப் பனியில் திறந்து போட்டால் காய்ந்த விறகும் நமத்துப்போகும். மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள்.

சுள்ளிக்காக நான்குவழிச் சாலை நடுவே கழித்துப்போட்ட அரளிக் குச்சியை எடுக்கவே கூடாது. அதன் புகையும் நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய பலகையும் வேண்டாம்.

சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் நேரடியாகத் தீ மூட்டினால் தெறிக்கும். 2, 3 அங்குலம் மணல் பரப்பி, மூன்று பக்கமும் செங்கலைப் படுக்கையாக 3 வரிசை அடுக்குங்கள். 9 அங்குல உயரம் வரும். நெட்டுக்குத்தாக நிறுத்திய கல், பானை நிறைந்ததும் சாயும். மானாமதுரைப் புது மண் அடுப்பென்றால் முந்தின நாளே சுள்ளியால் இளஞ்சூடு காட்டுங்கள். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி விரிசல் விடும்.

பன்னாடைக்குள் சூடத்தைப் பொதிந்து அடியில் வைத்து, மேலே பென்சில் கனச் சுள்ளிகளை இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். தீ நன்றாகப் பிடித்து நின்றபின் விரல் கன விறகு, அதற்குப் பிறகே மணிக்கட்டுக் கனம். அடுப்பு வாயில் பாதிக்கு மேல் விறகு திணிக்கக் கூடாது. காற்று அடிவழியாக நுழைய வேண்டும். புகைந்தால் முதலில் ஒரு விறகை வெளியே இழுங்கள். பலரும் கூடுதலாக ஒன்றைச் செருகுகிறார்கள்! ஊதாங்குழலை அடியிலுள்ள கங்குக்கு நேரே பிடித்து நிதானமாக ஊத வேண்டும். தை மாத வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் கிழக்கு பார்த்த அடுப்பு தானே காற்று வாங்கும்.

தூறல் விழுகிறதென்று கங்கோடு அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். சூடான மண் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினால் அடுப்பு வெடிக்கும். கங்கை வெளியே இழுத்து, சீறல் அடங்கும்வரை தண்ணீர் தெளியுங்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை கிடக்கும். அதை அன்றே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.