அகோலியாப்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரில் படம் வரைந்ததற்காகப் போன ஞாயிறு எனக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கையும் கையில் கொடுத்துவிட்டீர்கள். பிரஷ் பிடித்துப் பழகிய கைக்கு அது சரிப்படவில்லை, "எல்லாருக்கும் நன்றி" என்று உளறிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆயர் பிரசங்கத்தில் என்னை, ஆசரிப்புக் கூடாரத்தின் கைவேலைகளுக்காகக் கர்த்தர் பேர்சொல்லி அழைத்த பெசலெயேலோடு சேர்த்துப் பேசியது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. யாத்திராகமம் 31-ஐ எடுத்துப் படித்தால், பெசலெயேலைச் சொன்ன கையோடு அகோலியாபையும் அவனுக்குத் துணையாகக் கூட்டியதாகக் கர்த்தர் சொல்கிறார். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுவரில் எனக்கு ஏழெட்டு அகோலியாப்கள் இருந்தார்கள், ஒருத்தரைப் பற்றியும் மைக்கில் யாரும் சொல்லவில்லை. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் நானும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில் சாரம் கட்டிய அண்ணன். கோலார் தங்கவயல்காரர், 2001-ல் சுரங்கத்தை மூடியதும் அப்பாவுக்கு வேலை போய், இவர் மாரிக்குப்பம் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தவர், இன்றைக்கும் அதே ரயில்தான். பதினாறு அடி உயரத்தில் நான் நிற்க வேண்டும் என்றதும், கம்புகளைக் கட்டி, ஒவ்வொரு தட்டிலும் தானே ஏறிக் குதித்துப் பார்த்தார். "முடிச்சுப் போட்டவன்தான் முதல்ல ஏறணும்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார். பதினெட்டு நாளில் ஒரு தடவைகூட எனக்குக் கால் நடுங்கவில்லை.

என் கதை பலருக்குத் தெரியும். பெங்களூர் சிவாஜிநகரில் போர்டு எழுதக் கற்றவன். கன்னடம், தமிழ், உருது மூன்றையும் கோணாமல் எழுதுவேன். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிழைப்பு போய் ஆட்டோ ஓட்டப் போய்விட்டேன். 2018-ல் ஐகோர்ட் உத்தரவில் ஊர் முழுக்க ஃப்ளெக்ஸைக் கிழித்தபோது, சரி, நம் காலம் திரும்பிவிட்டது என்று பிரஷ்களை எடுத்துக் கழுவி வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை! கழுவின பிரஷ்கள் இந்தச் சுவருக்குத்தான் உதவின. இதற்கும் ஃப்ளெக்ஸ் அடித்து ஒட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், அவர்கள்மேல் வருத்தமில்லை, செலவு குறைவுதானே. பெண்கள் ஐக்கியத்து அக்காமார்தான் விடவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரே பூசணிக்காயை நாலு தடவை திருப்பித் திருப்பி ஏலம் விட்டு பெயின்ட் காசைத் தேற்றினார்கள்.

அப்புறம் தர்மபுரிப் பாட்டி. மேய்ப்பனும் ஆடுகளும் வரையப் போகிறேன் என்று காலண்டரைப் பார்த்து, பஞ்சு மூட்டை மாதிரி வெள்ளை ஆடுகளாகச் சாக்பீஸில் போட்டு வைத்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தவர், "இதெல்லாம் எந்த ஊரு ஆடு? எல்லாம் போட்டோவுக்கு நிக்குதே" என்றார். சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். வெயில் ஏறினால் ஆடுகள் வட்டமாகக் கூடி, ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும் என்று கையை மடக்கிக் காட்டினார். அன்று மத்தியானமே ஈரத்துணியால் அத்தனையையும் அழித்தேன். இப்போது இருப்பது செம்மறிகள், பழுப்பும் கறுப்புமாக, பாதிக்கு முகமே தெரியாது. தெரியாத முகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்பவர்கள் பாட்டியைக் கேளுங்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்குத்தான் நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான், தமிழ் எழுத்து கற்றதே நம் கோயிலில். 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை ஆறு அங்குல எழுத்தில் எழுதி முடித்து, கீழே இறங்கி நின்று ரசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் விரலை நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, தாழ்ச்சியில ஒரு ச் காணோம்" என்றாள். முப்பது வருஷம் போர்டு எழுதியவனுக்கு வந்த தாழ்ச்சியைப் பாருங்கள். "ச்" நுழைய இடம் பண்ண, அதற்குப் பின்னால் இருந்த அத்தனை எழுத்தையும் அழித்து மறுபடி எழுத ஒரு ராத்திரி ஆனது. அந்த ராத்திரி முழுக்க லைட் பிடித்து நின்ற வாலிபர் ஐக்கியத்துத் தம்பிகள் இருவருக்கும் மறுநாள் வேலை இருந்தது என்பது பிறகுதான் தெரியும்.

தினமும் காலை நாலரைக்கு, நான் ஆட்டோ எடுக்கப் போகுமுன், கதவைத் திறந்துவிட்டு, ஈரப் பெயின்டில் தூசி ஒட்டும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்த, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீ நான் வாங்கித் தந்ததாகக் கணக்கு. காசு கொடுத்தது அவர்தான்.

சாரக் கம்புகளை சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், தூக்க நாலு பேர் வந்தால் நல்லது. நீலம் ஒன்றரை லிட்டர் மிச்சம் இருக்கிறது, ஓய்வுநாள் பள்ளி பெஞ்சுகளுக்கு அடிக்கலாம். மூடி சரியாக உட்காரவில்லை, சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள்.