மிண்டி காலிங் முதலில் எழுத்தாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் மிண்டி காலிங் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, அவருடைய தந்தை தமிழர் என்ற செய்தியில் தொடங்கி அதே செய்தியில் முடிந்துவிட்டது. அவரை நடிகை என்றே நெடுகக் குறிப்பிட்ட கட்டுரையாளர், அவர் எழுதிய நூல்களைப் பொழுதுபோக்குக்காகச் செய்த உபரி வேலைபோல ஒரே வரியில் கடந்து போயிருக்கிறார். அவருடைய தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தும் நூல்களைப் படித்தும் வருபவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

மிண்டி தொலைக்காட்சிக்குள் நுழைந்ததே எழுத்தின் வழியாகத்தான். கல்லூரித் தோழியுடன் சேர்ந்து எழுதி, இருவருமே ஆண் வேடமிட்டு நடித்த ஒரு சிறு மேடை நாடகத்தைப் பார்த்த தயாரிப்பாளர் கிரெக் டேனியல்ஸ், 'தி ஆபீஸ்' நகைச்சுவைத் தொடரின் எழுத்தாளர் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 24; எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழுவில் பெண் அவர் ஒருவர்தான். 2005-இல் தொடங்கிய அத்தொடரில் ஓயாமல் பேசும் கெல்லி கபூராக அவர் நடித்தது பலருக்கும் நினைவிருக்கும். அதே தொடரின் 20-க்கும் மேற்பட்ட பகுதிகளை எழுதியவரும் அவரே என்பது கட்டுரையில் இல்லை.

2011-இல் வெளியான முதல் நினைவுக் குறிப்பு நூலில், பத்திரிகை ஒன்றுக்காகப் புகைப்படம் எடுக்கச் சென்ற நாளைப் பற்றி அவர் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்வோம். அங்கே தொங்கவிடப்பட்டிருந்த அழகான ஆடைகள் எல்லாம் மிக மெலிந்த உடலுக்குரியவை. அவருடைய அளவுக்கு இருந்தது தொளதொளவென்ற கருநீல ஆடை ஒன்றுதான். கழிவறைக்குள் சென்று அழுதுவிட்டு வெளியே வந்தவர், தனக்குச் சேராத இளஞ்சிவப்பு ஆடையைக் காட்டி அதுதான் வேண்டும் என்கிறார். முதுகுப் பக்கத்தைப் பிரித்து, ஒட்டுத்துணி வைத்துத் தைத்து, அதையே அவருக்கு அணிவிக்கிறார்கள். இதைப் புலம்பலாகவும் எழுதியிருக்கலாம், வெற்றிக் கதையாகவும் எழுதியிருக்கலாம். தன் அழுகையையும் பிடிவாதத்தையும் ஒரே அளவில் கேலி செய்தபடி அவர் சொல்லிச் செல்வதைப் படிக்கும்போது, ஒரு காட்சியை எங்கே தொடங்கி எங்கே வெட்ட வேண்டும் என்பதைத் தொலைக்காட்சியில் தேர்ந்த கை தெரிகிறது.

என் வாசிப்பில், அவருடைய சுயசரிதை நூல்களில் பாதியும் தொடர்களில் பாதியுமாகக் கிடக்கிறது. 2006-இல் அவர் எழுதிய தீபாவளிப் பகுதியில் கெல்லியின் பெற்றோராக வருபவர்கள் அவருடைய சொந்தத் தாய் தந்தையரே. தாய் ஸ்வாதி மகப்பேறு மருத்துவர். 2012 ஜனவரியில் அவர் கணையப் புற்றுநோயால் காலமானார். மகள் உருவாக்கிய 'தி மிண்டி ப்ராஜெக்ட்' தொடருக்கு ஒளிபரப்பு நிறுவனம் ஒப்புதல் அளித்த செய்தி வந்ததும் அதே நாளில்தான். அந்தத் தொடரின் நாயகியும் ஒரு மகப்பேறு மருத்துவர். 2017 வரை 117 பகுதிகளில் அந்த வேடத்தில் நடித்தவர் மிண்டி. தாயின் மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன் வெளியான முதல் நூலில் இந்தத் துயரத்தின் நிழல்கூட விழ வாய்ப்பில்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து அவர் இணைந்து உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர், பள்ளி இசை நிகழ்ச்சியில் தந்தை சரிந்து விழுந்து இறப்பதைக் கண்ணெதிரே பார்த்த தேவி என்ற தமிழ்ச் சிறுமியின் கதை. தந்தையின் இழப்பைப் பற்றிப் பேச மறுத்து, அசட்டுத்தனங்களில் ஒளிந்துகொள்ளும் அந்தத் தேவியாக, இலங்கையிலிருந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் நான்கு பருவங்களிலும் நடித்தார். அத்தொடரை அதில் வரும் பிள்ளையார் பூஜைக்காகவும் 'கண்ணா' என்ற விளிக்காகவும் மட்டும் கொண்டாடினால், இழப்பைப் பேசும் இந்தப் பக்கம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

தமிழ் அடையாளத்தைப் பற்றிப் பேசுவது தவறென்று நான் சொல்லவில்லை. பேசினால் முழுமையாகப் பேச வேண்டும். அவருடைய தாய் வங்காளி. பெற்றோர் சந்தித்துக்கொண்டது நைஜீரியாவில், ஒரு மருத்துவமனைப் பணியில். மிண்டி என்ற பெயரும் அவர்கள் அங்கே பார்த்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரத்திடமிருந்து வந்தது. சொக்கலிங்கம் என்ற பெயரை மேடை அறிவிப்பாளர்கள் சொல்லத் திணறியதால், முன்னும் பின்னும் வெட்டி நடுவிலிருந்ததை மட்டும் காலிங் என்று அவர் வைத்துக்கொண்டார். (மதுரைச் சொக்கன் இதை மன்னிப்பாராக.) 2020-இல் வெளியான ஆறு கட்டுரைகள் கொண்ட தொகுப்பில், மகளுக்கு முடியிறக்கும் சடங்கை நடத்த முனைந்தபோது தான் எந்த அளவுக்கு இந்து என்ற சங்கடம் தனக்குள் எழுந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பூர்வீகத்தைப் பற்றிக் கட்டுரையாளர் அறிய விரும்பியது அந்தச் சில பக்கங்களிலேயே இருக்கிறது.

மேலும், அவர் சென்னையில் பிறந்தவர் என்று புகைப்படத்தின் கீழ் அச்சாகியிருந்தது. பெற்றோர் அமெரிக்காவில் குடியேறிய 1979-ஆம் ஆண்டிலேயே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் பிறந்தார். இதற்கான திருத்தத்தை அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.