எங்கே பிடிக்குது என்று சொல்லுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வாசகர்கள் எடுத்த படங்களுக்கென்று அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதற்கு முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது முறைப்பாடு மாதிரித்தான் இருக்கும். பண்ணைப் பாலத்தில் பொழுதுபடும் நேரம் எடுத்த படம் ஒன்று அண்மையில் வந்தது, கீழே "அழகிய மாலைப் பொழுது" என்று போட்டிருந்தீர்கள். அதற்கு முன்னர் நெடுந்தீவுக் குதிரைகள், அதற்குக் கீழே "கண்ணைக் கவரும் காட்சி". சரி. எடுத்த பிள்ளை அந்தப் பக்கத்தை வெட்டிப் பத்திரப்படுத்தியிருக்கும், அயலுக்கெல்லாம் காட்டியிருக்கும், அடுத்த முறையும் கடலை அதே மாதிரிச் சரித்து வைத்துத்தான் எடுக்கும்.

நான் கொக்குவிலில் சின்னதாய் ஒரு தையற்கடை வைத்திருக்கிறேன். சுவிஸிலிருந்து வந்த மச்சாள் விட்டுவிட்டுப் போன பழைய கமரா ஒன்று கைக்கு வந்ததால் படம் எடுக்கிற பைத்தியமும் பிடித்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடி, அந்த மாதம் எடுத்த படங்களை அங்குள்ள தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்போம். கழகம், சங்கம் என்று பெயர் ஒன்றும் கிடையாது. மரக்கறி விற்கிற தம்பி, கம்பஸ் பிள்ளைகள் மூன்று பேர், ஓய்வுபெற்ற தபாற்காரர், முந்தி ஸ்டூடியோவில் நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்து முகப்பரு மறைத்த ஐயா ஒருவர், இன்னும் சிலர், அதோடு நான்.

ஒரு படம் திரையில் வந்ததும் முதலில் "நல்ல வடிவு" என்று ஒரு குரல். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். பிறகு யாராவது "என்ன லென்ஸ்?" என்று கேட்பார்கள், அதோடு கதை கனடாவில் லென்ஸ் என்ன விலை, கொழும்பில் என்ன விலை என்று போய்விடும். படம் திரையிலேயே நிற்கும், அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

என் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். சட்டையைப் போட்டுப் பார்த்து "நல்ல வடிவு அக்கா" என்று காசையும் தந்துவிட்டுப் போய், அந்தச் சட்டையை அதற்குப் பிறகு ஒருநாளும் போடாதவர்கள் இருக்கிறார்கள். "ஏனோ தெரியேல்லை, சரியில்லை" என்று முகத்தைச் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேராலும் எனக்குப் பிரயோசனம் இல்லை. அருமையாக ஒருத்தி வந்து "கையைத் தூக்கேக்கை கக்கத்துக்குள்ள பிடிக்குது" என்பாள். அவளைக் கும்பிடலாம். எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று அந்த ஒரு வசனத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். படத்துக்கும் இந்த மாதிரி ஒரு வசனம் போதும் என்றுதான் நான் சொல்ல வருகிறேன்.

எனக்கு அந்த வசனம் கிடைத்த கதையைச் சொல்கிறேன். மண்டைதீவுப் பக்கம் களப்பில் பூநாரைகள் வந்து நின்ற நேரம், இரண்டு விடியற்காலை போய்ச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி எடுத்தேன். படத்தில் எல்லாம் சாம்பல் நிறம். பறவையும் சாம்பல், வானமும் சாம்பல், ஏதோ அடுப்படிப் புகைக்குள் நிற்பது போல. வீட்டில் "வடிவு" என்றார்கள். கொழும்பில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பினேன், தெரிவாகவில்லை என்று ஒரு வரி வந்தது, ஏன் என்று ஒரு சொல் இல்லை. சனசமூக நிலையத்தில் அந்த ஸ்டூடியோ ஐயா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, கமராவுக்கு வெள்ளை, கறுப்பு ஒண்டும் தெரியாது, அது எல்லாத்தையும் நடுச் சாம்பலாத்தான் நினைக்கும். வெள்ளை வானமும் வெள்ளைப் பறவையும் கண்டால் வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு குறைச்சுப் போடும். நீ ஒரு ஸ்டொப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கி எடு." அவ்வளவுதான். அடுத்த கிழமை எடுத்த படத்தில் அந்தச் செட்டை ஓரத்து இளஞ்சிவப்பு அப்படியே வந்து நின்றது. என் முதற் படம் நல்லதா கெட்டதா என்று ஐயா சொல்லவே இல்லை, இப்போது யோசித்தால் அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிழை சொல்ல எங்கள் ஆட்கள் ஏன் தயங்குகிறார்கள் என்றும் யோசித்துப் பார்த்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் எத்தனையோ பேர் கையில் அகப்பட்டதோடு கல்யாண அல்பத்தையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், விட்டுவிட்டு வந்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் படம் என்பது வெறும் கடதாசி இல்லை, அதில் குறை சொன்னால் வீட்டு ஆட்களைக் குறை சொன்ன மாதிரி. அதனால் "வடிவு" என்று சொல்லித் தப்பிவிடுகிறோம். அந்தச் சொல்லின் மேல் எனக்குக் கோபமில்லை. எது வடிவு, எந்த மூலை வடிவு என்று இன்னும் நாலு சொல் சேர்த்தால் என்ன என்றுதான் கேட்கிறேன். குறிகாட்டுவான் இறங்குதுறையில் காற்றுக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாவைக் கம்பஸ் பிள்ளை ஒன்று எடுத்திருந்தது. "அந்தச் சேலைத் தலைப்பும் வள்ளத்துக் கயிறும் ஒரே சரிவில போகுது, அதுதான் கண்ணை இழுக்குது" என்று தபாற்காரர் சொன்னார். பிள்ளைக்கே அது தெரியாது, தற்செயலாக விழுந்ததாம். அடுத்த மாதம் அவள் கொண்டுவந்த படங்களில் கயிறும் வேலியும் நிழலும் எல்லாம் எங்கேயோ போய் எதையோ தொட்டுக்கொண்டு நின்றன.

மற்றப் பக்கமும் இருக்கிறது, நொட்டை சொல்கிறவர்கள். இவர்கள் யூடியூப்பில் நாலு விதியைப் பார்த்துவிட்டு வந்து அதை எல்லாப் படத்துக்கும் மேல் வைத்து அளப்பார்கள். நல்லூர்க் கோபுரத்தை நேர் முன்னால் நின்று, இரண்டு பக்கமும் சரிசமமாக வர, நடுவில் வைத்து எடுத்த ஒரு படத்துக்கு "மூன்றில் ஒரு பங்கு விதிப்படி கோபுரத்தைப் பக்கத்துக்குத் தள்ளியிருக்க வேணும்" என்று ஒருவர் சொன்னார். கோபுரம் கட்டினவன் இதைக் கேட்டிருந்தால் உளியைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். கடல் சரிந்திருக்கிறது என்று சொல்வதும் அப்படித்தான். உண்மைதான், சரிந்திருக்கிறது, ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு இருந்தால் அந்தப் படத்தில் வேறு ஒன்றையும் நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, வட்ஸ்அப்பில் வந்த படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்து "தெளிவில்லை" என்கிறார்கள். தெளிவைத் தின்றது வட்ஸ்அப், எடுத்தவர் இல்லை. (நான் பொம்பிளை என்பதால் எனக்கு இலவசமாக அப்பேச்சர் பாடம் எடுக்கிற தம்பிமார் தனி இனம், அவர்களைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.)

அடுத்தவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடக்கூடாது. பளைப் பக்கம் வெளியில் பொடியன்கள் கிரிக்கெட் விளையாடுகிற படம் ஒன்றை ஒரு தம்பி கொண்டுவந்தான். நடுவில் பந்து அடிக்கிறவன், புழுதி, நல்ல வெளிச்சம். இடது ஓரத்தில் மட்டும் ஒரு மொட்டைப் பனை அரைகுறையாக நின்றது. நான் உடனே, "தம்பி, அந்த இடது பக்கத்தை வெட்டிவிடு, இடைஞ்சலாய் இருக்கு" என்றேன். கத்தரிக்கோல் பிடிக்கிற கை பாருங்கள், வெட்டுவதென்றால் யோசிக்காது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, அந்தப் பனைக்காகத்தான் எடுத்தனான்" என்றான். ஷெல் பட்டு வட்டுப் போன பனை. அதற்குக் கீழே அந்தக் காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அவன் கண்டது அது, நான் கண்டது கிரிக்கெட்.

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அவன் நினைத்தது எனக்குத் தெரியவில்லை என்பதும் அந்தப் படத்தைப் பற்றிய ஒரு செய்திதானே. பனைதான் விஷயம் என்றால் அது ஏன் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது, பந்து அடிக்கிறவன் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறான் என்று பிறகு எல்லோருமாகக் கதைத்தோம். பத்து அடி வலப்பக்கம் நடந்து, கமராவை நிலத்தோடு தாழ்த்திப் பிடித்திருந்தால் பனை வானத்தில் தனியே எழும்பியிருக்கும், பிள்ளைகள் அதன் அடியில் சின்னதாய் வந்திருப்பார்கள். அவனே தரையில் குந்திக் காட்டினான். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கும் முன்னர் "இதிலை நீர் எதை எடுக்க வெளிக்கிட்டனீர்?" என்று கேட்டுவிடுகிறேன்.

வெட்டுவதே பிழை என்றும் சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள், அதற்குப் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோனைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அவருக்கு வெட்டுவது பிடிக்காது, மெய்தான். ஆனால் 1932இல் பாரிஸ் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் தண்ணீரைத் தாண்டிப் பாய்கிற அந்தப் பெயர் பெற்ற படம் வெட்டப்பட்ட படம்தான், வேலி இடுக்கால் எடுத்ததால் ஓரத்தை வெட்ட வேண்டி வந்தது.

சொல்கிற வழி எடுக்கிறவரின் கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும். மரக்கறித் தம்பி திருநெல்வேலிச் சந்தையில் தனக்குப் பக்கத்தில் கடை விரிக்கிற ஆச்சியைப் போனில் எடுத்திருந்தான். மேலே நீலத் தறப்பாள், அதால் ஆச்சியின் முகம் காய்ச்சல்காரி மாதிரி நீலம் பாரித்துப் போயிருந்தது. "வைட் பலன்ஸ் பிழை", அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யவில்லை என்று ஒருவர் சொன்னார், அங்கேயே திருத்தியும் பார்த்தோம். முகம் ஒரு மாதிரி வந்தது, பின்னால் தெருவெல்லாம் மஞ்சள் காமாலை. ஒரு படத்துக்குள் இரண்டு நிற வெளிச்சம் இருந்தால் ஒன்றைத் திருத்த மற்றது கெட்டுப்போகும். "நல்ல கமரா வாங்கும்" என்று இன்னொருவர் சொன்னார், அந்தக் காசுக்கு அவன் எத்தனை மூட்டை வெங்காயம் விற்க வேண்டும்! ஸ்டூடியோ ஐயாவோ, ஆச்சியை இரண்டடி முன்னால், தறப்பாள் முடிகிற இடத்துக்கு வரச் சொல் என்றார். ஆச்சி கடையை விட்டு எழும்ப மாட்டா என்றான் தம்பி. பிறகு அவனே, "தறப்பாள் வெயில் ஏறின பிறகுதான் கட்டுறவை, அதுக்கு முன்னம் எடுக்கிறன்" என்றான். எங்களில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் அது. சந்தைக்காரனுக்குத்தான் தெரியும்.

அப்படித்தான் சித்திரை வருடப்பிறப்பும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும், போர்த்தேங்காய் அடிக்கிற படமெல்லாம் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழியோடு வரும். "முகம் இருட்டு" என்று சொன்னால் எடுத்தவர் என்ன செய்வார்? போட்டி வைக்கிற நேரம் அவர் கையில் இல்லை. வெள்ளை மணல் உள்ள பக்கத்தில் நில், நிலத்து வெளிச்சம் முகத்துக்கு ஏறும் என்று சொன்னால் அது உதவி. நான் பையில் ஒரு துண்டு வெள்ளை லைனிங் துணி வைத்திருக்கிறேன், பக்கத்தில் நிற்கிற பொடியனிடம் விரித்துப் பிடிக்கச் சொல்வேன், சனம் சிரிக்கும், படம் வரும்.

இனி உங்களிடம் கேட்பது. படத்தோடு, தான் எதை எடுக்க நினைத்தேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு படத்துக்குக் கீழே மூன்று வரி எழுதுவியுங்கள்: கண் முதலில் எங்கே போனது, எங்கே தடக்குப்பட்டது, அடுத்த முறை என்ன செய்து பார்க்கலாம். சம்மதிக்காதவர்களின் படத்தைச் சும்மா போடுங்கள், "கண்ணைக் கவரும்" என்று போடாமல் ஊரின் பெயரை மட்டும் போட்டாலே போதும். இன்னொன்று, பத்திரிகைத் தாள் மையைக் குடிப்பதால் இருட்டுப் பகுதியெல்லாம் அடைத்துக் கரியாகிவிடுகிறது, அச்சுக்குக் கொடுக்க முன்னர் யாராவது கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிவிட்டால் நல்லது. போன மாதம் வந்த கோவில் படத்தில் ஐயர் எங்கே நிற்கிறார் என்று நானும் என் கடைப் பிள்ளையும் பந்தயம் கட்டித் தேடினோம்.

வேறு ஒருவரும் முன்வரமாட்டார்கள் என்று நினைத்தால் என்னிலிருந்தே தொடங்குங்கள். இந்தக் கடிதத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், காரைநகர் கசூரினாக் கடற்கரை, காலை ஆறரை மணி, வலை இழுக்கிற நாலு பேர். நான் எடுக்க நினைத்தது அவர்களின் முதுகை. கடல் சரிந்திருக்கிறது, அது எனக்குத் தெரியும், அதைத் தவிர வேறு ஏதாவது சொல்லச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
கொக்குவில்.