உனக்கு நாய்மயிர் ஒத்துக்கொள்ளும்

உப்புவெளி,
திருகோணமலை.
ஒக்டோபர் 28

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் கடிதமும் இதோடு இருக்கிற கறித்தூளும் நோர்வேக்கு, உன் பேர்கனுக்கு வருகிற ஒரு பிள்ளையின் பெட்டியில் வருகின்றன. தூள் இரண்டு கிலோ. அம்மா நாலு கிலோ கட்டி வைத்திருந்தா. அந்தப் பிள்ளை தன் உடுப்புகளை எங்கே வைப்பது என்று சண்டை பிடித்ததால், இரண்டு பையை வெளியே எடுத்தேன். கருவாடு வைக்கவில்லை. வைத்திருந்தால் விமானத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தியிருப்பார்கள்.

இருபத்தெட்டு வருடம் தபால் கந்தோரில் மற்றவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியே காலம் போய்விட்டது. நானாக எழுதியவற்றை விரல்விட்டு எண்ணலாம். வட்ஸ்அப் இருக்க எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது. போன ஞாயிறு நீ கோல் எடுத்து, "அப்பா, என்ர பழைய கிளினிக் கொப்பியைத் தேடிப் பாருங்கோ, நாய்மயிர் ஒத்துக்கொள்ளாது எண்டு டொக்டர் எழுதியிருப்பார்தானே" என்று கேட்டாய். லைன் சரியாக விழவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் விழுந்தது.

அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். முதலில் தூள்.

அம்மா குசினியில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் இருநூறு கிராம், சின்னச்சீரகம் நூறு, மிளகு நூறு, வெந்தயம் ஐம்பது, நாலைந்து மஞ்சள் துண்டு, கறிவேப்பிலை இரண்டு கை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் கொட்டி வறுத்தால் மல்லி வறுபட முன்னம் வெந்தயம் கருகிப்போகும், பிறகு குழம்பு முழுக்கக் கசக்கும். வாடை தொடங்கி மழை பிடிக்க முன்னம் செத்தலை மூன்று நாள் வெயிலில் காயவைத்துத்தான் மில்லுக்குக் கொண்டுபோனோம். அதனால்தான் இந்த அவசரம். இனித் தை மாதம்வரை இங்கே எதையும் நம்பிக் காயப்போட முடியாது.

உன்னுடைய மீன்குழம்பு கஞ்சியாகிப் போகிறது என்று சொன்னாய். அது உன் பிழை இல்லை. அங்கே கிடைக்கிற தோர்ஸ்க் மீனின் சதை இதழ் இதழாகக் கழன்றுவிடும் சாதி. நம்முடைய பாரையைப் போல நினைத்து அதைக் கொதிக்கவிடக் கூடாது. குழம்பு வற்றி, பால் விட்டு, புளி எல்லாம் சரியான பிறகு கடைசியாக மீனைப் போடு. போட்ட பிறகு அகப்பையே வைக்காதே. சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். மக்கரல் கிடைத்தால் இன்னும் நல்லது. அது நம்முடைய கும்பளாவுக்குச் சொந்தக்காரன், கொறுக்காய்ப் புளி போட்டால் அசையாமல் நிற்கும். ஒரு பொட்டலம் கொறுக்காய் தூளுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

புட்டுக்கு அங்கே வாங்குகிற கோதுமை மாவை அப்படியே குழைக்காதே. துணியில் கட்டி முக்கால் மணித்தியாலம் ஆவியில் அவித்து, சூடு ஆற முன்னம் அரிதட்டில் அரித்து வை. ஆறவிட்டால் கல்லாகிவிடும். இங்கே சீனக்குடாவில் பிறிமா ஆலை இருக்கிறபடியால் கோதுமை மா எங்கள் ஊர்ப் பொருள் என்கிற மாதிரி ஒரு பெருமை நமக்கு. கோதுமை எங்கிருந்தோ கப்பலில்தான் வருகிறது, சரி, விடு. மாவைக் குழைத்த பிறகு சுண்டால் கொத்து. உன்னிடம் சுண்டு இல்லை என்றால் மீன்டின் ஒன்றைக் கழுவி எடு, அதுவும் சுண்டுதான்.

வெள்ளிக்கிழமைப் பிரச்சினை தீர்ந்ததா? வெள்ளிக்கிழமை என்றால் நோர்வேக்காரர் வீட்டில் டாக்கோ, அதற்கு அரைத்த இறைச்சி என்று நீ சொன்ன அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம் வீட்டில் வெள்ளி மரக்கறி. மருமகனோ அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எண்பதுகளில் வடக்கே மீன் தொழிற்சாலையில் குளிரில் நின்று மீன் வெட்டிய ஆட்கள். களைத்து வந்து பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டதைக் கொடுத்திருப்பார்கள், அதில் என்ன பிழை? பிறகு நீ சோயாமீற்றை நம்முடைய தூளில் பிரட்டி டாக்கோவுக்குள் வைத்ததாகவும், அவர் ஐந்து சாப்பிட்டதாகவும் கேட்டபோது அம்மா பத்திரகாளி கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தா. கலியாணத்தன்றுகூட அவ்வளவு நிம்மதியாக அவவை நான் பார்க்கவில்லை.

இப்போது நாய்க்குட்டி.

உனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு குட்டியை ஒளித்துக் கொண்டுவந்தாய், நினைவிருக்கிறதா? மண்ணிறக் குட்டி, ஒரு காது மட்டும் வெள்ளை. கொப்பிகளை யாரிடமோ கொடுத்துவிட்டுப் பை முழுக்கக் குட்டி. முற்றத்தில் அதை இறக்கிவிட்டு நீ இரண்டு தரம் தும்மினாய். நான் அந்தத் தும்மலைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு நாய்மயிர் ஒத்துக்கொள்ளாது, குழந்தையாக இருக்கும்போதே டொக்டர் சொன்னவர்" என்றேன். எந்த டொக்டரும் சொல்லவில்லை. கிளினிக் கொப்பியில் எதுவும் இல்லை, நேற்றும் எடுத்துப் பார்த்தேன். ஊசி போட்ட திகதிகளும் உன் நிறையும்தான் இருக்கின்றன. பை முழுக்கத் தூசு, அதுதான் தும்மினாய்.

அதை நம்பி நீ வளர்ந்தாய். சிநேகிதி வீட்டில் நாய் என்றால் வாசலிலேயே நிற்பாய். நாயைக் கண்டால் ரோட்டின் மற்றப் பக்கம் போவாய். இப்போது மருமகன் ஒரு குட்டி வேண்டும் என்று கேட்கும்போது, ஆசை இருந்தும், "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று அவருக்கும் சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இருபது வருடமாக என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் நாய் என்ற பேச்சு வரும்போதெல்லாம் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பா. இந்தக் கிழமை அந்தப் பார்வை கொஞ்சம் கூடிவிட்டது. "இஞ்சேருங்கோ, எழுதிப்போட்டுத்தான் சாப்பாடு" என்று சொல்லிவிட்டா.

ஏன் பொய் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும்தானே.

நீ பிறக்க முன்னம் நாங்கள் நிலாவெளியில் இருந்தோம். ரோசி என்று ஒரு நாய். ஊர்நாய்தான், சாதி ஒன்றும் இல்லை. நான் கடலடிக்குப் போனால் கரைவலை இழுத்து முடியும்வரை வள்ளத்து நிழலில் படுத்திருக்கும். 1990 ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கியது. வெளிக்கிட வேண்டும் என்று ஊரே உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறியபோது ரோசி குட்டி போட்டு ஒரு கிழமை. ஐந்து குட்டி, கண் திறக்கவில்லை. விறகுக் கொட்டிலை விட்டு அது வரவே இல்லை. அது கீரிமீன் அள்ளுகிற காலம். அப்பம்மா பெரிய சோறாக ஆக்கி, கீரிமீனைப் போட்டுப் பிசைந்து, மூன்று மண்சட்டியில் வைத்தா. ஒரு நாளுக்கு ஒரு சட்டி. மூன்று நாளில் திரும்பிவிடுவோம் என்பது அவவின் கணக்கு.

காடு, வன்னி, மன்னார், வள்ளம், தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாம் என்று போய், திரும்பி வர நாலு வருடம். வீட்டில் சுவர் இருந்தது, கூரை இல்லை. விறகுக் கொட்டில் இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. மூன்று சட்டியில் ஒன்று கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது, உடையாமல். அப்பம்மா ஒன்றும் பேசாமல் அதை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினா. வாய் ஒரு பக்கம் உடைந்த சட்டி என்று நீ சின்ன வயதில் சிரிப்பாயே, நீ மீன்குழம்பு தின்று வளர்ந்த சட்டி அதுதான்.

இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? டொக்டரைச் சொல்வது இலேசாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கடினமாகிப் போனது. மன்னித்துக்கொள் பிள்ளை.

எதற்கும் அங்கே ஒரு டொக்டரிடம் சோதித்துப் பார். நான் சொன்னது பொய் என்பதால் மட்டும் உனக்கு ஒத்துக்கொள்ளும் என்று ஆகிவிடாது. தலைப்பில் கொஞ்சம் துணிந்து எழுதிவிட்டேன். முதலில் நாய் இருக்கிற வீடொன்றுக்குப் போய், வாசலில் நிற்காமல் உள்ளே போய், ஒரு மணித்தியாலம் இருந்து பார்.

மருமகன் ஆசைப்பட்ட கவலியர் இன நாய் கிடைக்காது என்று சொன்னாய். அந்த இனத்தைப் பெருக்குவது மிருகங்களின் நலச் சட்டத்துக்கு மாறானது என்று உங்கள் நாட்டு அதியுயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்புச் சொன்னதாமே. மூளைக்கு மண்டை போதாது, இதயமும் பலவீனம். அழகுக்காகச் செய்த வேலை. கேட்டபோது எனக்கு அந்த நீதிபதிகளைப் பிடித்துப்போனது. சாதி பார்க்காமல் சுகமான ஒரு குட்டியாகப் பாருங்கள், தாயோடு எட்டுக் கிழமையாவது இருந்த குட்டியாக.

சாப்பாட்டு விஷயத்தில் எங்களைப் பார்த்துப் பழகாதே. ரோசி குழம்புச் சோற்றில்தான் வளர்ந்தது, எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும் என்று இப்போதுதான் வாசித்தேன். நம்முடைய குசினியில் அவை இல்லாத கறி எது? ஆகவே தட்டில் மிஞ்சியதைப் போடுகிற பழக்கம் வேண்டாம். சோறும் வெறும் அவித்த மீனும் என்றால் தூள் போட முன்னம் தனியாக எடுத்து வை, முள்ளைப் பார்த்து எடு. அவித்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலில் குத்தும். பாயசத்தில் போடுகிற முந்திரிகை (திராட்சை) வற்றலும் சொக்லேட்டும் நஞ்சு. சொக்லேட் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போகட்டும். மருமகனுக்கும் கை எட்டாமல் இருந்தால் நல்லது.

அங்கே பெருநிலத்தில் விசர்நாய்க் கடி என்ற பயமே இல்லை, வடக்கே தூரத்தில் சுவால்பார்ட் தீவுகளில் நரி, கலைமான் போன்ற காட்டு மிருகங்களிடம்தான் அந்த நோய் என்று மருமகன் சொன்னது எனக்குப் பெரிய ஆச்சரியம். சித்திரை முதலாம் திகதி என்று நான் எழுதப் போனேன், இல்லை, ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை எந்த நாயையும் கயிறில்லாமல் விடக் கூடாது என்பதும் அப்படித்தான். குஞ்சு பொரிக்கிற பறவைகளுக்காகவாம். இங்கே கோட்டை மான்கள் கடைத்தெரு வரை வந்து வாழைப்பழத்தோல் தின்கின்றன, நாய்கள் பார்த்துக்கொண்டு படுத்திருக்கின்றன. யாருக்கும் கயிறு இல்லை.

உன் பெரியத்தை கேட்டா, "கலியாணம் முடிஞ்சு எட்டு மாசம், விசேஷம் இல்லை, இப்ப நாயோ?" என்று. அம்மா வழக்கம்போல ஏதும் சொல்லாமல் இருப்பா என்று பார்த்தேன். "எட்டு மாசம் தனிய மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் நீங்களும் நாய் கேப்பியள் மச்சாள்" என்றா. பேர்கன் மழையைப் பற்றி நான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மூன்று நாலு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும், உங்களுடையது வருடம் முழுக்கத் தவணை முறையில். மார்கழியில் ஆறு மணித்தியாலம்கூட வெளிச்சம் இல்லை. மொழி வகுப்பு முடிந்து நாலு சுவருக்குள் அவர் வேலையால் வரும்வரை இருப்பது எப்படி என்று நீ சொல்லாவிட்டாலும் கோலில் உன் பின்னால் தெரிகிற அந்த யன்னல் சொல்கிறது. நாய் என்றால் விடிய ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் வெளியே போயே ஆக வேண்டும். அதுக்குப் பின்னால் நீயும் போவாய். நல்ல மழைச் சட்டையாக வாங்கு. இருவரும் ஒன்றாக ஊருக்கு வரும்போது குட்டியை யார் பார்ப்பது என்பதை மட்டும் வாங்க முன்னமே பேசி முடிவெடுங்கள். வீட்டுச் சொந்தக்காரரிடமும் எழுத்தில் அனுமதி எடுங்கள்.

தூள் போத்தலை இறுக்கி மூடச் சொல்கிறா அம்மா. பாதியைப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைக்கட்டுமாம், ஈரக் கரண்டி படக் கூடாதாம். சாப்பிடக் கூப்பிடுகிறா.

அங்கே நேரம் மாற்றிவிட்டார்கள் அல்லவா? இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு கோல் எடு. உங்களுக்குப் பகல் பன்னிரண்டு, எங்களுக்குப் பின்னேரம் நாலரை. லைன் நன்றாக விழும்.

அன்புடன்,
அப்பா